ஒன்பது தலை

ஒன்பது இருந்தன. விலங்கியல் துறையின் அந்த அறைக் கதவு முழுதாகச் சாத்தாமல் கிடந்ததால், தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தால் கஸ்பாருக்கு மேசையின் பாதி தெரிந்தது. அந்தப் பாதியில் ஐந்து. மறு பாதியில் நான்கு இருப்பதைச் சாக்கை அவிழ்த்தபோதே பார்த்திருந்தார். ஐந்தும் நான்கும் ஒன்பது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஒன்பது ஓங்கல், பட்டணத்தார் டால்பின் என்பது, ஒன்பது தலை, நாளைக் காலை விசாரணைக் குழுவின் முன்னால் ஒன்பதும் வரிசையாக உட்காரும், ஆலைக்காரனின் வக்கீல் வாயடைத்துப் போவான். ஆலையின் குழாய் முத்தாரந்துறைக் கடலில் கொட்டுகிற தண்ணீரில் விரல் வைத்தால் விரல் வெந்துபோகும், இதைக் கஸ்பார் சொல்லாத மேடை இல்லை. சொல்லிச் சொல்லித் தொண்டைதான் புண்ணானது. மீன் செத்தது, சிப்பி செத்தது, அதற்கெல்லாம் அசையாத அரசாங்கம் ஓங்கல் செத்ததும்தான் ஒரு குழுவைப் போட்டது, மனுசனுக்கு இருமல் வந்தால் போடாத குழு. ஆலைக்காரன் ஒரே பதில் வைத்திருந்தான்: அவை ஆழ்கடல் பிராணிகள், எங்கோ செத்து நீரோட்டத்தில் வந்து ஒதுங்கியவை, எங்கள் குழாய்க்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. சரி, எலும்பைக் கொண்டுவாருங்கள், எந்த இனம் என்று வல்லுநர் சொல்லட்டும் என்றது குழு. கரையை ஒட்டியே பிறந்து கரையை ஒட்டியே சாகிற இனம் என்றால் குழாய்க்கு மூடி. ஆழ்கடல் இனம் என்றால் மனு தள்ளுபடி. அவ்வளவுதான் வழக்கு. ஒரு ஆயுளைத் தின்ற போராட்டம் கடைசியில் ஒரு மண்டையோட்டின் பல்வரிசையில் வந்து நிற்கிறது. நிற்கட்டும். ஒன்பது இருக்கிறதே. ஒன்பது என்ற எண் ஏன் ஈறில் மாட்டிய நார்போல நாக்கை இழுத்துக்கொண்டே இருக்கிறது என்றுதான் புரியவில்லை.

தாழ்வாரத்தில் மருந்து நெடி. சுவரோரக் கண்ணாடி அலமாரியில் குப்பிகள், குப்பிக்குள் மஞ்சள் தண்ணீர், தண்ணீருக்குள் பாம்பு, பல்லி, கண் திறக்காத எதுவோ ஒரு குட்டி. எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. செத்த பிறகு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மரியாதை. கஸ்பாருக்குப் பெயர் எழுதி ஒட்டுவது பிடிக்கும், வகை பிரிப்பது பிடிக்கும், அவர் படித்த படிப்பே அதுதான். பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு, மிச்சமெல்லாம் நோட்டீஸ், துண்டுப் பிரசுரம், ஓரணாச் சிறுவெளியீடு, அவற்றை வலை உலர்த்துகிற மணலில் குப்புறப் படுத்து எழுத்துக்கூட்டி வாசித்து, உலகத்தில் மனிதர்கள் இத்தனை வகை, இன்ன வகை இன்ன வகையைத் தின்னும் என்று கற்றுக்கொண்டார். அதன் பிறகு யாரைப் பார்த்தாலும் முதலில் கையைப் பார்ப்பார், பிறகு தோள் எலும்பு. சட்டை பொய் சொல்லும், பேச்சு பொய் சொல்லும், எலும்பு சொல்லாது. அதைத்தான் காலையில் பேராசிரியை மங்கையர்க்கரசியும் சொன்னார், வேறு வார்த்தைகளில். தோலும் நிறமும் போய்விட்டால் கூனும் துடுப்பும் தெரியாது, அப்போது பல்லை எண்ணுவோம், மேல் அண்ணத்தைத் தடவிப் பார்ப்போம், கீழ்த்தாடையின் இரண்டு கொம்பும் முன்னால் எவ்வளவு தூரம் ஒட்டி ஓடுகிறது என்று அளப்போம், அண்ணத்தின் பின்னால் இரண்டு சின்ன எலும்பு இருக்கும், அவை ஒன்றையொன்று தொட்டால் ஒரு கூட்டம், தொடாமல் விலகி நின்றால் வேறு கூட்டம் என்றார். நாற்பது வயதுக்காரி, குரலில் பதற்றமே இல்லை. கரையோரத்துக் கூன் ஓங்கலுக்கு அந்த எலும்புகள் விலகி நிற்குமாம். பல் தடியாக, கொஞ்சமாக இருக்குமாம். ஆழ்கடலில் சுழன்று சுழன்று குதிக்கிற ஓங்கலுக்குப் பல் ஊசி ஊசியாக வரிசைக்கு ஐம்பதைத் தாண்டுமாம். கஸ்பாருக்குச் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு நேர்மையான சாட்சி. காசு வாங்காது, பின்வாசல் வழியாக ஆலை மேனேஜரைப் பார்க்கப் போகாது.

“அண்ணே, கடலை திங்கிறியளா?” என்று பிரகாசி பொட்டலத்தை நீட்டினாள். முத்தாரந்துறை மகளிர் அணிக்கு அவள்தான் தலைவி. கருவாட்டு வியாபாரம் முடிந்த நேரம்போக மிச்ச நேரமெல்லாம் கஸ்பாரின் மீனவர் சங்கம். சாக்கைத் தோளில் சுமந்து பஸ் ஏறியவளும் அவள்தான். கண்டக்டர் என்னம்மா மூட்டை என்று கேட்டதற்கு, எங்க மாமியார் வீட்டு ஆளுங்க, கூட்டிட்டுப் போறேன், ஒம்போது டிக்கெட்டு போடுதியா என்று கேட்டு பஸ்ஸையே சிரிக்க வைத்தவள். கஸ்பார் சிரிக்கவில்லை. பொது இடத்தில் அவர் சிரிப்பதில்லை, அது ஒரு பழக்கம், போலீஸ் கேமராவுக்கு முன்னால் சிரித்த தலைவன் மறுநாள் செய்தித்தாளில் கோமாளி ஆவான். “பல்லு இல்லட்டி,” என்றார். “அப்ப உள்ள இருக்கிறவங்ககிட்ட ரெண்டு கடன் வாங்கித் தாரேன், அங்க நெறையக் கெடக்கு.” அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இந்த நேரத்தில் இவளால் எப்படி முடிகிறது. இவளுக்கு நாளை என்பது ஏற்கெனவே ஜெயித்துவிட்ட நாள். ஊரில் கொட்டுமேளத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

உள்ளே பேராசிரியையின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்பதை அப்படியே கைப்பேசியில் பேசிப் பதிவு செய்கிறார், தமிழில். அறிக்கை தமிழில் வேண்டும், எங்கள் சனத்துக்குப் புரியாத பாஷையில் எங்கள் கடலின் விதியை எழுதக் கூடாது என்று குழுவின் முன்னால் தரையில் உட்கார்ந்து அந்த உரிமையை வாங்கியவர் கஸ்பார். அதனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. மூன்றாவது மண்டையோடு, கீழ்த்தாடை இல்லை. நான்காவது, கீழ்த்தாடை இல்லை. மூக்குப் பகுதி நீளம், மெலிவு. பல்குழிகள் சிறியவை. ஐந்தாவது, கீழ்த்தாடை இல்லை. இல்லை, இல்லை என்று ஆணி அடிப்பதுபோல. ஏன் இல்லை? மணலில் புதைத்த குழியில் கிடந்தால் தாடை எங்கே போகும், மண் என்ன தாடையை மட்டும் பொறுக்கியா தின்னும்? மண் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கும், அவருக்குத் தெரியும், அவருடைய வீட்டுக்காரி இன்னாசியம்மாளைப் புதைத்த அன்று பார்த்திருக்கிறார். ஊர்க் கல்லறையில் இடம் கிடையாது, குடும்பத்துக்கு ஒரு குழி, புதிதாக ஒருவர் போனால் பழையவரின் எலும்பை எடுத்து மூலையில் எலும்புக்கிணற்றில் போட வேண்டும். குழி வெட்டியவன் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் துழாவி எடுத்து எடுத்து மேலே வைத்தான், தொடை, விலா, முதுகுக்கண்ணிகள், ஒரு மண்டை, அப்புறம் இன்னொரு மண்டை. ரெண்டுல ஒங்க அப்பா யாரு, சித்தப்பா யாருன்னு பாருங்க என்றான். கஸ்பார் பார்த்தார். வெயில் கொளுத்தியது, பங்குச் சாமி ஜெபப் புத்தகத்தை விரலில் அடையாளம் வைத்து மூடிக்கொண்டு நின்றார், இன்னாசியம்மாள் பெட்டிக்குள் காத்திருந்தாள், கஸ்பார் இரண்டு கையிலும் இரண்டு மண்டையை வைத்துக்கொண்டு அப்பாவைத் தேடினார். எந்த முகமும் வரவில்லை. அறைந்த கை ஞாபகம் இருந்தது, பீடி வாசனை ஞாபகம் இருந்தது, முகத்துக்கு அடியில் இருந்தது ஞாபகத்தில் இல்லை, அதை எப்போதுமே பார்த்ததில்லையே. கடைசியில் கனமாக இருந்ததை அப்பா என்றார். தப்பாகவும் இருக்கலாம். எலும்பு பொய் சொல்லாது, ஆனால் கேட்கிறவனுக்குக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது அவருடைய முறை வரும்போது இன்னாசியம்மாளை எடுத்துக் கிணற்றில் போடுவார்கள். போடட்டும். யாரிடமாவது, கீழ்த்தாடையோடு சேர்த்துப் போடுங்கள், அவள் நிறையப் பேசுகிறவள் என்று சொல்லி வைக்க வேண்டும். கீழ்த்தாடை இல்லை. ஆறாவது.

கூட்டங்கூட்டமாகச் செத்து ஒதுங்கின. அப்படித்தான் நோட்டீஸில் எழுதினார். கொட்டை எழுத்தில், கறுப்புக் கட்டம் கட்டி. எழுதும்போது அந்த வாக்கியம் தானாக வந்தது, கை பழகிய கை. கரையில் அவர் கண்ணால் பார்த்தது இரண்டு. குழாய் வாய்க்குத் தெற்கே, நுரை பழுப்பாக ஒதுங்குகிற இடத்தில், வயிறு வெந்த மாதிரி தோலுரிந்து ஒரு பெரியது, அதன் பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் சின்னது. முதுகில் கூன். சின்ன வயதில் கட்டுமரத்தில் போகும்போது கலங்கல் தண்ணீரில், காலை ஊன்றினால் தரை தட்டுகிற ஆழத்தில், அந்தக் கூன் மெதுவாக எழுந்து மெதுவாக அமுங்கும், அவசரமே கிடையாது, மடவை மீன் கூட்டத்தை வலைப் பக்கம் ஒதுக்கிவிட்டு அதன் பங்கை அது தின்று போகும், யாரும் அதைத் தொட மாட்டார்கள். அந்த இரண்டையும் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு மணலில் புதைத்தார்கள். அப்போது பிரகாசிதான் பெரியதன் கண்ணை மண் படாமல் வாழையிலையால் மூடினாள். இரண்டு என்று எழுதியிருக்கலாம். இரண்டு என்று எழுதினால் எவன் படிப்பான்? இரண்டு என்பது ஒரு செய்தியா? பசி என்று எழுதக் கூடாது, பட்டினிச் சாவு என்று எழுத வேண்டும், அவருக்கு முன்னால் இருந்தவர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது. இரண்டுக்குப் பிறகு இன்னும் ஒதுங்கியிருக்கும், தெற்கே, ஆள் போகாத திட்டில், அவர் பார்க்காத நேரத்தில். அவர்தான் கண் ஆபரேஷனுக்குப் பாளையங்கோட்டையில் படுத்துக் கிடந்தாரே, குழியைத் தோண்டியபோது அவர் இல்லையே. தோண்டியவர்கள் ஒன்பது எடுத்திருக்கிறார்கள். ஆக ஒதுங்கியிருக்கிறது. ஆக நோட்டீஸ் பொய் இல்லை. பார்த்தாயா, எழுதியது பலித்துவிட்டது என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லும்போதே, பல் விழுந்த குழியை நாக்கு தொட்டதுபோல ஏதோ ஒன்று சுருக்கென்றது. எழுதிய பிறகு பலித்தது எதுவும் அவர் வாழ்க்கையில் கிடையாது.

“என்னண்ணே முழி ஒரு மாதிரி இருக்கு? மயக்கமா?”

“அந்தக் கறுப்பா இருக்கே, ஓரத்துல, அது ஏன் கறுப்பா இருக்கு?”

பிரகாசி எட்டிப் பார்த்தாள். “அதுவா? எவ்வளவு தேச்சாலும் போவல பாத்துக்கிடுங்க. பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு ராத்திரி ஊற வச்சேன். மத்ததெல்லாம் எப்படி வெளுத்துட்டு. இது மட்டும் பிடிவாதம். லூர்தம்மா வீட்டு அடுப்புக்கு மேல தொங்குனதுல்லா, அது புகையில்லா.”

தாழ்வாரத்து மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எதையோ உரசியது. உரசல், அமைதி, உரசல். லூர்தம்மா வீட்டு அடுப்பு. லூர்தம்மாவின் புருசன் ஆழ்கடல் போட்டில் போகிறவன், வாரக்கணக்கில் வரமாட்டான், பெரிய வலையில் ஓங்கல் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தால் தலையை மட்டும் கொண்டுவந்து வீட்டில் தொங்கவிடுவார்கள், பல் முளைக்காத பிள்ளைக்கு அதன் பல்லை நூலில் கோத்துக் கட்டுவார்கள். அந்தக் கடற்கரையில் வீட்டுக்கு வீடு இருக்கும், அவர் அதைத் திட்டி ஒரு தடவை கூட்டத்தில்கூடப் பேசியிருக்கிறார். “ஏட்டி,” என்றார், குரல் தாழ்ந்து வந்தது, “குழியில எத்தனை கெடந்தது?”

“குழியில ரெண்டுதாம்ணே. அது நாத்தம்னா நாத்தம், இன்னும் எண்ணெய் வடியுது, சாக்குக்குள்ள அடியில வச்சேன். மத்தது எல்லாம் நம்ம ஆள் சேத்ததுதான். தெற்குத்துறையில நாலு, லூர்தம்மாட்ட ஒண்ணு, அந்தோணியார் தெருவுல ரெண்டு. குடுக்க மாட்டேன்னுதான் நின்னாளுவ. சங்கத்துக்குன்னு சொன்னேன், கஸ்பார் அண்ணன் கூட்டங்கூட்டமான்னு எழுதிட்டாரு, ரெண்டைக் கொண்டுபோய் வச்சா அண்ணனுக்கு அசிங்கம்லான்னு சொன்னேன், கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டுக் குடுத்தாளுவ.” அவள் கடலைத் தோலை ஊதினாள். “தலை எண்ணிக்கைதான முக்கியம்னு நீங்கதான சொல்லுவிய.”

ஆமாம், சொல்லுவார். சொல்லியிருக்கிறார், வாழ்நாள் முழுக்க அதை மட்டும்தான் சொல்லியிருக்கிறார். லாரி பிடித்து அடுத்த ஊரிலிருந்தும் அதற்கடுத்த ஊரிலிருந்தும் ஆள் கொண்டுவந்து இறக்குவார், ஊர்வலம் பெரிய கடைத்தெருவைச் சுற்றி முடிகிற இடத்தில் முன்வரிசையை மறுபடியும் பின்வரிசையோடு சேர்த்துவிடுவார், இன்ஸ்பெக்டர் நின்று எண்ணிக்கொண்டிருப்பான், எண்ணி எண்ணிக் குழம்புவான், பிரகாசி அப்போது சின்னப் பெண், சேலையை மாற்றிக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை போவாள், ஒரு தடவை முக்காடு, ஒரு தடவை பூ, இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கண்ணடித்தாள் என்று கேஸ்கூடப் போட்டார்கள். ஏழைக்கு வேறு என்ன இருக்கிறது, பணமா இருக்கிறது, தலைதான் இருக்கிறது, தலையைத்தான் எண்ணிக் காட்ட முடியும். ஆயிரம் பேர் வந்தால் ஐயாயிரம் என்று எழுது, அவன் ஐந்நூறு என்று எழுதுவான், உண்மை நடுவில் எங்கேயாவது வந்து விழும். அது பாவமே இல்லை, அது தற்காப்பு. இவளைக் குறை சொல்ல ஒரு சொல் கிடையாது. இவள் அவரிடம் படித்ததை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறாள். கூட்டம் என்று நோட்டீஸ் சொன்னது, கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், செத்துப்போனவற்றின் கூட்டத்தை, ஆழ்கடலிலிருந்து, தலையில் சுமந்து, பஸ்ஸில். இன்ஸ்பெக்டருக்கு ஒரு தலையும் இன்னொரு தலையும் ஒன்று. உள்ளே இருக்கிறவளுக்கு ஒன்று இல்லை. உள்ளே அவள் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, நீ யார், நீ எங்கே வாழ்ந்தாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவை சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஏழாவது. அண்ணத்தின் இரு பக்கமும் ஆழமான பள்ளம் ஓடுகிறது. எட்டாவது, மேல் தாடையில் பல்குழியே இல்லை, நெற்றி அகலம். எந்தக் கடலிலிருந்து வந்த எந்தப் பாவியோ, பல்கூட இல்லாத கிழம், கஸ்பாரைப் போல.

அப்படியானால் கணக்கு என்ன. இரண்டு கரை, ஏழு ஆழ்கடல். பேராசிரியை வேறு என்ன எழுதுவார், இருப்பதைத்தான் எழுதுவார், பெரும்பான்மை ஆழ்கடல் இனங்கள், ஆகவே வேறெங்கோ இறந்து ஒதுங்கியிருக்க வாய்ப்பு, இந்த ஒரு வரி போதும், ஆலைக்காரன் அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டுவான். ஏழு இரண்டைத் தோற்கடித்துவிடும். ஓட்டுப் போட்டு. பெரும்பான்மை என்ற சொல்லை அவர் எத்தனை தடவை மேடையில் முத்தமிடாத குறையாக உச்சரித்திருக்கிறார். எழுந்து போய்ச் சொல்லிவிட்டால்? அம்மா, அந்த ஏழு தலையையும் எடுத்துவிடுங்கள், அது நாங்கள் கொண்டுவந்து கலந்தது. சொல்லலாம். சொன்ன வாய் மூடுவதற்குள், கலப்படம் செய்கிறவர்கள் கொண்டுவந்த மற்ற இரண்டை மட்டும் நான் எதற்கு நம்ப வேண்டும் என்று கேட்பார், நியாயமான கேள்வி, அந்த இடத்தில் கஸ்பார் இருந்தாலும் அதைத்தான் கேட்பார். சொல்லாமல் இருந்தால் தோல்வி கௌரவமான தோல்வி, அறிவியல் நமக்கு எதிராகப் போய்விட்டது தோழர்களே, ஆலை விலைக்கு வாங்கிவிட்டது தோழர்களே, அப்படி ஒரு நோட்டீஸ் எழுதலாம், சனம் நம்பும், அந்தப் பெண்ணின் முகத்தில் சாணியைக்கூட வீசும். அந்த நோட்டீஸின் முதல் வரி அவருக்குள் தானாக உருவாகிவிட்டதைக் கவனித்தார். தாளம் சரியாக இருந்தது. அருவருப்பாக இருந்தது. சங்கத்தில் இப்போது யார் இருக்கிறார்கள், பாதிப் பேரின் மகன்கள் ஆலைக் கேட்டில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவரைக் கண்டால் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குகிறார்கள், எதிரே வருவது கஸ்பார் இல்லை, மழை என்பதுபோல. அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரு பெயர். கஸ்பார் காசுக்கு விலைபோகாதவன், கஸ்பார் ஒளிந்தவன் இல்லை. நாலு தடவை ஜெயில், ஒவ்வொரு தடவையும் மாலையோடு போய் மாலையோடு வந்தார். அந்தப் பெயரையும் எலும்பாக்கி மேசையில் வைத்தால், எந்த இனம் என்று அந்தப் பெண் சொல்வாள்?

இதில் இன்னொன்று இருந்தது, அது மெதுவாகத்தான் எழுந்தது, கலங்கலில் எழும் முதுகுபோல. காலையில் சாக்கை வாங்கும்போது பேராசிரியை சொன்னார், ஐயா, நீங்கள் குழுவின் அனுமதியோடு கொண்டுவந்ததால் சரி, இல்லையென்றால் ஓங்கலின் எலும்பை வீட்டில் வைத்திருப்பதே வனச் சட்டப்படி குற்றம், ஜாமீன்கூடச் சுலபமில்லை. அப்போது கஸ்பார் தலையாட்டினார். அடுப்புக்கு மேலே. அந்தோணியார் தெருவில். எந்த வீடு என்று கேட்பார்கள். கேட்காமல் விட மாட்டார்கள், எலும்புக்கு ஊர் கேட்கிறவள் வீட்டையும் கேட்பாள். பிரகாசி சொல்லுவாள், பெருமையோடு ஒவ்வொரு பெயராகச் சொல்லுவாள், சங்கத்துக்குக் கொடுத்தவர்களின் பெயரை ஒன்று விடாமல் சொல்வதுதான் மரியாதை என்று அவளுக்கு அவரே கற்பித்திருக்கிறார். லூர்தம்மாவுக்குக் கைக்குழந்தை. வலிக்கிற கண்ணை அவர் கசக்கினார். ஆபரேஷன் ஆன கண்ணில் தாழ்வாரம் முழுக்க ஒரு வெளிறிய ஓரம் கட்டித் தெரிந்தது, குப்பிகளும் பாம்பும் பிரகாசியும் எல்லாமே. எழுந்திருக்கக் கூடாது. உட்கார்ந்தே இருந்தால் சாயங்காலம் ஆகிவிடும், கதவைப் பூட்டுவார்கள், எல்லாம் அவரைக் கேட்காமலே நடந்து முடிந்துவிடும். கேட்காமலே நடந்ததற்கு யாரும் பொறுப்பில்லை.

நாற்காலி நகரும் சத்தம். கதவு திறந்தது. பேராசிரியை கையுறையைக் கழற்றிக்கொண்டே, “ஐயா, கொஞ்சம் உள்ள வர்றீங்களா? ஒண்ணு கேக்கணும்,” என்றார். பிரகாசியும் எழுந்து கூடவே வந்தாள்.

மேசையில் இரண்டு தனியே இருந்தன. மஞ்சள் பூத்து, கசிந்து, அடியில் விரித்த தாளில் எண்ணெய் வட்டம். ஏழு மறுபக்கம், வெள்ளை வெளேர் என்று, கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகள்போல.

“இந்த ரெண்டும் கரையோர இனம், சந்தேகமே இல்ல,” என்றார் அவர். “தாடை, பல்லு, அண்ணத்துப் பின்னெலும்பு, எல்லாம் ஒத்துப்போகுது. மத்த ஏழும் ஆழ்கடல். மூணு வேறவேற இனம். இனத்தை விடுங்க. இந்த ஏழும் மண்ணுல கிடந்த எலும்பே இல்ல. வெயில்லயும் புகையிலயும் இருந்திருக்கு. நீங்க எதுவும் சொல்லலைன்னா நான் கண்டதை அப்படியே எழுதிடுவேன், ஒன்பதும் ஒரே சாட்சியமாத்தான் போகும். எங்கிருந்து வந்துச்சுன்னு நீங்க எழுத்துல சொன்னா, ஏழையும் தள்ளிட்டு இந்த ரெண்டுக்காக நான் வாய்தா கேக்கலாம். குழியை நானே வந்து தோண்டுறேன், மிச்ச எலும்பு அங்கதான் இருக்கும். முதல் கழுத்தெலும்பு அதோட மண்டையிலதான் சரியா உக்காரும், வேற எதுலயும் உக்காராது. ஆனா அதுக்கு ஏழும் யாருடையதுன்னு எனக்குத் தெரியணும். அந்த விவரம் வனத்துறைக்குப் போகும், அதையும் சொல்லிடுறேன்.”

பிரகாசியின் முகம் மலர்ந்தது. பதில் தெரிந்த கேள்வி. “அதை நான் சொல்லுதேம்மா, இந்தா கறுப்பா இருக்குல்லா, இது நம்ம லூ…”

“வாயை மூடுட்டி,” என்றார் கஸ்பார்.

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. அவள் வாய் திறந்தபடியே நின்றது. ஏன் என்று புரியாமல் அவரைப் பார்த்தாள், பிறகு ஏழையும் பார்த்தாள், பிறகு அந்த இரண்டை, கையிலிருந்த கடலைப் பொட்டலம் மெல்லக் கசங்கியது.

“ஏழும் என் வீட்டுல இருந்தது,” என்றார் கஸ்பார். “நான்தான் கலந்தேன். எண்ணிக்கை காட்டுறதுக்காக. பேப்பரைக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்.”

பேராசிரியை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தோளையும் கையையும், எலும்பைப் பார்ப்பதுபோல. நாளைக் காலை குழுவின் முன்னால் இதைப் படிப்பார்கள். வக்கீல் சத்தமாகச் சிரிப்பான். தலைமயிர் வெட்டப் போனால் கடைக்காரன் கேட்பான், பஸ்ஸில் கண்டக்டர் கேட்பான். இந்தத் தடவை மாலை கிடையாது. ஓங்கல் தலை வைத்திருந்த கேஸ் என்று ஜெயிலில் வார்டன் எழுதிக்கொள்வான், பக்கத்துக் கொட்டடிக்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஜெயிலுக்குள் ஒருவன் எதற்காக வந்தான் என்பதுதான் அவன் சாதி. அவருக்குக் காது மடல் சூடாயிற்று, பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றியபோது ஆனதுபோல. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு ஓங்கலும் அவரைப் பார்க்கவில்லை, அவற்றுக்குக் கண் இருந்த இடம் பக்கவாட்டில் இருந்தது.

“ஏழும் உங்க வீட்டுலயா?”

“ஆமா.”

“எதுக்காக வச்சிருந்தீங்கன்னு ஒரு காரணம் எழுதணும் ஐயா. அவங்க கண்டிப்பா கேப்பாங்க.”

மைக்கைப் பிடித்தால் இரண்டு மணி நேரம் தாளைப் பார்க்காமல் பேசுகிற வாய் அது. கஸ்பார் தேடினார். அவர் வீட்டில் ஒரு நாற்காலி, ஒரு டிரங்குப் பெட்டி, கட்டுக்கட்டாகப் பழைய நோட்டீஸ், இன்னாசியம்மாளின் துருப்பிடித்த அரிவாள்மனை. சுவரில் ஒரு காலண்டர்கூட மாட்டியதில்லை.

“அழகுக்கு,” என்றார்.